குவாலிட்டி பன்னிரண்டு

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் திறந்துகொள்கிறது.
காற்றாடிகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பும்.
என் தட்டட்டியில் நிற்கும் சின்ன டிஷ்
தானும் ஒரு காற்றாடி என்று நினைத்துக்கொள்ளும்.

கீழே நாலு சொளவு.
பேச்சிக்கனி, அன்னபுஷ்பம், அவள் நாத்தனார் சீனியம்மா, நான்.
திரையில் ஒருத்தி தாலியைக் கழற்றப் போகிறாள்.
கழற்றினாளா?
முகம் சதுரம் சதுரமாகப் பெயர்ந்து
வாய் காதோரம் போய் நிற்கிறது.
கழுத்து இருந்த இடத்தில் பச்சைக் கட்டம்.
அப்புறம் நீலம். நடுவில் ஒரே வரி:
சிக்னல் இல்லை.

கதை போகட்டும்.
சத்தம் நின்றால் கை நிற்கிறது.
நேற்று நான் எண்ணூறைத் தாண்டவில்லை,
கடைக்காரர் நோட்டில் அதற்குக் காரணம் எழுத இடமில்லை.

பாவூர்சத்திரத்திலிருந்து சேர்மத்துரை வந்து பார்த்தான்.
"ஸ்ட்ரெங்த் எழுவத்தெட்டு காட்டுதுக்கா, அத நம்பாதிய.
இரைச்சலையும் சேத்து எண்ணிக்கிடும் அது.
குவாலிட்டியப் பாருங்க, பன்னெண்டு."
எங்கள் தெருவில் ரெண்டு பேரைப் பற்றி
அவனுக்கு யார் சொன்னது என்று யோசித்தேன்.

மூணடி டிஷ், கனத்த கால், துருப்பிடிக்காத நட்டு.
அவன் ரூபாயில் சொன்னான்.
எனக்குள் அது ஏழாயிரம் பீடி.
கழிவு போக ஏழாயிரத்து நானூறு.

வாங்கி வைத்த பிறகு மாட்ட ஆளில்லை,
கொடைக்கு மைக்செட் கட்டப் போய்விட்டான்.
போனில் நாதஸ்வரத்துக்கு மேலே கத்தினான்:
"மார்கழில சூரியன் கெளம்புத மூலை இருக்குல்லா,
அதுக்கு நேரா. ஆனா ரொம்ப மேல. உச்சிக்குப் பக்கமா."

அந்த மூலை தெரியும்.
வாசல் தெளித்து நிமிரும்போது கண்ணைக் குத்துகிற இடம்,
பூலுடையார் வீட்டு வேம்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே.

நான் மேலே. படியில் சீனியம்மா. பெட்டி முன்னால் அன்னபுஷ்பம்.
"எத்தன?"
"எத்தனன்னு கேக்கா!"
"ஒம்பது!"
"ஒம்பதாம்!"
நாற்பது என்று குரல் ஏறி வந்து சேரும்போது
என் கை நாற்பதை விட்டு எங்கேயோ போயிருந்தது.
திரும்பி வந்தால் சைபர்.
"ஏட்டி, நாப்பது எங்கட்டி?"
"நீதான கொண்டு போன!"

இங்கே ஒரு நெல் அகலம் தப்பினால்
அங்கே மதுரையைத் தாண்டிவிடுமாம்.
அப்புறம் நான் அவசரப்படவில்லை.
ஒரு நகக்கண் தள்ளுவேன். நிற்பேன்.
பெட்டி யோசிக்கும். சீனியம்மாவுக்கு மூச்சு வாங்கும்.
இன்னும் ஒரு நகக்கண்.
நுனி மடக்கும்போது இலை கிழியாமல்
எவ்வளவு அமுக்கலாம் என்று
இருபது வருஷமாய் அறிந்த விரல் இது.
இரும்புக்கும் அதே கணக்குத்தான்.

"அறுவத்தொண்ணு!"
சீனியம்மா திருப்பிச் சொல்லவில்லை,
கீழே ஓடிவிட்டாள். அதில் தெரிந்தது.

நட்டை முறுக்கினேன். முறுக்கினதில் மூணு குறைந்தது.
அதை நான் காற்றுக்கு விட்டுக்கொடுத்தேன்.

இறங்கி வந்து பார்த்தால்
நடிகையின் பவுடருக்கு அடியில் பரு தெரிகிறது.
தாலியைக் கழற்றப் போனவள் கழுத்தில்
புதிதாக இன்னொரு தாலி.
யார் கட்டினான் என்று நாலு பேருக்கும் தெரியாது.
அதைச் சண்டை போட்டுக்கொண்டே
ஆயிரத்து நூறு சுற்றினேன்.

சாயங்காலம் மகளின் நகப்பூச்சை எடுத்துக்கொண்டு ஏறி
நட்டிலிருந்து கால்குழாய் வரை
ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்.
டிஷ் திரும்பினால் கோடு உடையும்.

ராத்திரி முழுக்கச் சாரலும் காற்றும்.
தகரம் ஒன்று தெருவில் எங்கோ உருண்டது.
விடிந்தும் விடியாமலும் போய்த் தொட்டுப் பார்த்தேன்.
கோடு ஒரே கோடாக இருக்கிறது.
கிண்ணத்து விளிம்பில் ஒட்டிக்கொண்டு
ஒரு வேப்பம்பழத் தோல்.
சுண்டிவிட்டு, பழக்கத்தில்,
"எத்தன?" என்றேன்.
கீழே எல்லாரும் தூங்குகிறார்கள்.